ஃப்ரிட்ஜில் இருந்த மல்லிகை

"அண்ணாச்சி, இந்த ஃப்ரிட்ஜில எங்களுக்கு ஒரு தட்டு வேணும்."

அதை மட்டும் கேட்டுவிடாதே என்றுதான் அம்மா அனுப்பியிருந்தாள். வீட்டில் அவள் செய்யும் சாக்லேட்டைக் கடையில் வைத்துக்கொள்வதே பெரிது என்பாள். சித்திரை வெயிலில் கல்லாவுக்குப் பக்கத்துப் பாட்டிலில் அவை உருகி, சிவப்புத் தாளும் சாக்லேட்டுமாக ஒட்டி, ஒரே கட்டியாகக் கிடந்தன.

"அது சாக்லேட் கம்பெனிக்காரன் சும்மா குடுத்த பெட்டி, செண்பகம். வேற சாக்லேட் இருந்தா தூக்கிட்டுப் போயிடுவான். மாசாமாசம் ஆள் வந்து பார்க்கிறான்."

கண்ணாடிக்குள் பாதித் தட்டுகள் காலி. கீழ்த்தட்டில் அவர் மனைவி கட்டிய மல்லிகைப் பந்து ஈரத்துணிக்குள் குளிர்ந்துகொண்டிருந்தது.

"அப்போ இந்தப் பூ?"

"பூ அவனுக்குப் போட்டியா என்ன?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுல முதல் டிகிரி நீ, உனக்குத் தெரியாததா? மழை விழட்டும், அம்மாவை மறுபடி கொண்டாரச் சொல்லு."

மழை வரும்வரை பட்டினி கிடக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பாட்டிலை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். பைக்குள் அதே கம்பெனியின் வேலை உத்தரவு இருந்தது. கடை கடையாகப் போய் ஃப்ரிட்ஜைச் சோதிக்கும் வேலை. ஒரு தட்டு கொடுத்திருந்தால் அந்த உத்தரவைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

"திங்கட்கிழமை ஆள் வரும் அண்ணாச்சி. நான்தான் வருவேன். பூவை எடுத்துடுங்க."

படியிறங்கி நடந்தேன். பாட்டிலுக்குள் எதுவும் குலுங்கவில்லை.