அடுப்படிக்குப் பின்னால் மேடு

“மேல மண்ணு இன்னும் கசியுதுங்க, எறங்கிப்போடுங்க!” என்று தீயணைப்பு அதிகாரி மூன்றாவது முறையாகக் கத்தினார்.

ஜபருல்லா காதில் வாங்கினால்தானே? ஜேசிபியின் லீவரைப் பிடித்தது உடும்புப் பிடி. வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை மனிதன்.

மூன்று நாளாகப் பேய்மழை. வால்பாறைப் பக்கத்து மலையெல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது. அன்று விடிகாலை ஐந்தரைக்கு ஒரு மேடு அப்படியே வழுக்கி வந்து, அதன் அடியில் தனியாக நின்ற அற்புதத்தின் ஓட்டு வீட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. வீட்டில் அந்த அம்மா மட்டும்தான்.

இப்போது மணி பதினொன்று.

மகள் டீனா மலைக்குக் கீழே, பீளமேட்டில் கல்லூரியில் படிக்கிறாள். விடுதியிலிருந்து கிடைத்த வண்டியைப் பிடித்து ஓடி வந்து, முழங்கால் சேற்றில் நின்றபடி அம்மாவின் கைப்பேசிக்கு அடித்துக்கொண்டிருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது அது. பாவம் பிள்ளை, சலிக்காமல் மறுபடியும் அடித்தாள்.

ஜபருல்லாவை யாரும் கூப்பிடவில்லை. பத்து கிலோமீட்டர் கீழே ரோட்டு வேலைக்கு வந்திருந்தவன் அவன். காலைச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கைப்பேசியில் சரிந்த மேட்டின் படம் வந்தது. பொட்டலத்தை அப்படியே மூடிவைத்துவிட்டு வண்டியை மலைமேல் விட்டான். வழியில் இரண்டு இடத்தில் மரம் விழுந்து கிடந்தது. இரண்டையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு வந்து சேர்ந்தான்.

அவன் வந்தபோது தீயணைப்பு வீரர்கள் ஓடு தெரிந்த இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

“அது முன்வாசலுங்க. அந்நேரத்துக்கு அவங்க அடுப்படியிலதான் இருந்திருப்பாங்க. அடுப்படி பின்னால, மேட்டை ஒட்டி” என்று இருபதடி தள்ளிக் கைகாட்டினான்.

“உங்களுக்கு யாருங்க சொன்னது?” என்று அதிகாரி கேட்டார்.

அவன் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினான். டீனா மட்டும் ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டினாள். உடனே அங்கே ஜேசிபியின் பக்கெட்டை இறக்கிவிட்டான்.

மழை குடித்த மண் பொல்லாதது. ஒரு பக்கெட் அள்ளினால் அந்தக் குழியில் ஒன்றரை பக்கெட் வழிந்து வந்து நிற்கும். அவசரப்பட்டால் இரும்புப் பல் ஆளையே குத்திவிடும். ஆற அமரச் செய்தால் உள்ளே மூச்சு நின்றுவிடும். அவன் பக்கவாட்டில் இருந்து, பாலாடையை எடுப்பது போலப் படிப்படியாக வழித்தான்.

மேலிருந்து ஒரு கல் உருண்டு வந்து கேபின் கண்ணாடியைப் பிளந்தது. நின்றவர்களில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள்.

பயம் இல்லாமலா? இன்னொரு தடவை மேடு வந்தால் வண்டியோடு சேர்ந்து தானும் உள்ளே என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தான். இறங்குவதில்லை என்று முடிவு கட்டிவிட்டான்.

மண்ணுக்குள் அடுப்படியின் சிமெண்ட் மேடை விளிம்பு தெரிந்தது.

சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே குதித்தான். மண்டியிட்டுக் கையாலேயே பறித்தான். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அடுத்து நாலு வீரர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மேடைக்கு அடியில் சிலிண்டர் வைக்கிற சந்து. அதற்குள்ளிருந்து ஒரு முனகல்.

“அம்மா!” என்று டீனா போட்ட சத்தத்தில் மலையே திரும்பிப் பார்த்திருக்கும்.

அற்புதத்தை வெளியே எடுத்தபோது ஒரு கால் ஒடிந்திருந்தது. முகமெல்லாம் சேறு. ஆனால் உயிர் இருந்தது, நல்ல உயிர். ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டும்போது அவள் கண்ணைத் திறந்து ஜபருல்லாவையே பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

“அண்ணா, நீங்க நூறு வருசம் நல்லா இருக்கோணும்” என்று டீனா அவன் சேற்றுக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவனுக்கு அது தாங்கவில்லை. கையை உருவிக்கொண்டான். ஆம்புலன்ஸ் தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போனது.

வி.ஏ.ஓ. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அறிக்கைத் தாளை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். சரிவுக்கான காரணம் என்ற இடத்தில் ‘தொடர் கனமழை’ என்று எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“தம்பி, உங்க பேரைச் சொல்லுங்க. கலெக்டருக்கு எழுதோணும். சுதந்திர தினத்தன்னிக்கு மேடையில கூப்பிட்டுப் பாராட்டுப் பத்திரம் குடுப்பாங்க.”

ஜபருல்லா அந்தத் தாளையே பார்த்தான். பிறகு கிட்டே போய்க் ‘காரணம்’ என்ற இடத்தில் விரலை வைத்தான். உறையில் சேறு அப்பியது.

“என் பேரை இங்க எழுதுங்க. மேல காட்டேஜுக்குப் பாதை போட, இந்த மேட்டோட அடியைச் செங்குத்தா வெட்டுனது நானுங்க. போன மாசி மாசம், ரெண்டு நாள் வேலை. ரெண்டு நாளும் அந்த அக்காதான் அடுப்படியில உட்கார வெச்சுச் சோறு போட்டாங்க. மழை வந்தா தாங்குமா தம்பின்னு கேட்டாங்க. தாங்கும் அக்கான்னு சொல்லிப்போட்டேன்.”

வி.ஏ.ஓ.வின் பேனா அசையவில்லை.

“ஜபருல்லா” என்றான்.

அவர் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை. தகப்பன் பேரையும் ஊரையும் சேர்த்து, நிறுத்தி நிறுத்தி இன்னொரு முறை சொன்னான்.