ஒரு டிகிரி ஏற்றம்

ஜனவரி மாதம், அமெரிக்காவின் வடக்குக் குளிரூரான டுலூத்தில்கூட எல்லார் வீட்டுக்குள்ளும் குளிர்கோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள் என்றில்லை. ஆர்வோவின் வீட்டில்தான் அப்படி. பக்கத்து வீட்டு மார்லிஸ் நான்காவது நாளாகத் தெர்மாமீட்டரோடு வந்திருந்தாள். ஜன்னலோர மேசையில் நான்கு மெழுகுவர்த்திகள். அவற்றின் மேல் கவிழ்த்த மண் பூந்தொட்டி.

"இந்தத் தொட்டி ரூமைச் சூடாக்கும்னு யாரு சொன்னா?"

"யூடியூப்ல ஒருத்தன்."

"அவன் ஃப்ளோரிடாவுல இருப்பான். பாருங்க, ஐம்பத்தெட்டு ஃபாரன்ஹீட். எழுபதாவது வேணும். நேத்தும் இதேதான்."

"மெதுவாத்தான் ஏறும். உக்காரு, காபி போடறேன்."

மார்லிஸ் தன் முட்டிவலியைச் சொன்னாள். தெருப் பனி அள்ளும் வண்டிக்காரன் அதை அவள் வாசலிலேயே தள்ளிவிட்டுப் போனதைத் திட்டினாள். ஒரு மணி நேரம் ஓடியது.

"ஐம்பத்தொன்பது! பாத்தியா?" என்றார் ஆர்வோ.

"அது நான் பேசின சூடு! ரிப்பேரான உங்க ஹீட்டருக்கு அந்தப் பார்ட் எப்பதான் வரும்?"

"மினியாபொலிஸ்லேர்ந்து வரணுமே."

"சரி, நாளைக்கும் வந்து பாக்கறேன். வீட்டைக் கொளுத்திக்காதீங்க."

அவள் போனதும் ஆர்வோ மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தார். நிலவறைக்கு இறங்கி ஸ்விட்சைப் போட்டார். ஹீட்டர் உடனே உறுமிக்கொண்டு எழுந்தது. நாளை விடியலில் மறுபடி அணைக்க வேண்டும். மனைவி இர்யா இறந்த அக்டோபரிலிருந்து, இந்தத் தொட்டியை ஜன்னலோரம் வைக்கும்வரை, யாரும் கதவைத் தட்டியதில்லை.

நாற்பது வருடம் ஊரார் ஹீட்டர்களைப் பழுதுபார்த்தவர் அவர். மார்லிஸ் வீட்டுடையதையே மூன்று முறை சரிசெய்திருக்கிறார். அதை அவள் மறந்துவிட்டாள் என்றே நம்பினார்.