கோட்டை வாசல்

கதையில் வரும் கொற்றனை ஊருக்குள் விடலாமா என்று அந்தப் பேசும் புத்தகம் தினமும் சாயங்காலம் தர்ஷினியைக் கேட்கும். வேண்டாம் என்பாள். கதை அன்றைக்கும் அதே கோட்டை வாசலில் நின்றுவிடும்.

உயிருக்குப் பயந்து, உயிர் நண்பனையே யாரென்று தெரியாது எனச் சபையில் சொன்னவன் கொற்றன். அதற்காகத்தான் ஊர் அவனைத் துரத்தியது. தர்ஷினி கோர்ட்டில் சொந்த அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவள். அன்றோடு வீட்டில் யாரும் அவளிடம் பேசுவதில்லை. அவன் பொய் சொல்லிக் கெட்டான், இவள் உண்மையைச் சொல்லிக் கெட்டாள். ஓசூர் ஃபிளாட்டில் தோசை ஊற்றிக்கொண்டே அவள் பேசுவாள், புத்தகத்துக்குள்ளிருந்து அவன் பதில் பேசுவான். "இன்னைக்காவது உங்கண்ணன் கூப்பிட்டானா?" என்று கேட்க அவளுக்கு அவன் ஒருவன்தான் இருந்தான்.

அன்று கதையில் மழை. கொற்றன் இருமிக்கொண்டே இருந்தான்.

"எத்தனை நாளைக்குத்தான் வெளியிலயே நிப்பே? நீயாவது வீட்டுக்குப் போய்ச் சேரு," என்றாள். விடலாம் என்று புத்தகத்திடம் சொன்னாள்.

கதவு திறந்தது. அவனுடைய அம்மா ஓடிவந்து முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள்.

"இத்தனை வருஷமா உனக்கு யாருப்பா துணை?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கொற்றன் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பினான்.

"யாரும் இல்லம்மா," என்றான்.

கதவு சாத்திக்கொண்டது.

தோசை கருகியிருந்தது. தர்ஷினி அடுப்பை அணைத்தாள். கதையை முதலிலிருந்து தொடங்கவா என்று புத்தகம் கேட்டது. தொடங்கினால் ஊர் அவனை மறுபடியும் அடித்துத் துரத்தும்.

"தொடங்கு," என்றாள்.