டபுள் மேடமும் ஏசி ரிப்பேரும்

"அண்ணே, அந்த வயர்ல கை வைக்காதீங்க!"

டபுள் மேடம் மேஜைக்கு அடியில் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நிமிர்ந்தபோது முகத்தில் பழையபடி சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. எதிரே டை கட்டிய பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும் சார். ஏசி கொஞ்சம் மக்கர் பண்ணுது, அதான்."

"பரவாயில்லம்மா, நீங்க சொல்லுங்க," என்றார் டைக்காரர். நாற்காலியை ஏசிக்கு நேராக இழுத்துப் போட்டுச் சாய்ந்துகொண்டார்.

ரேடார் பிடித்து அனுப்புகிற தகவலை விமானப் புள்ளிகளாகத் திரையில் காட்டும் மென்பொருள் அவள் குழுவினுடையது. ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் இன்னொன்று அந்த நொடியே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். திரையில் ஒரு விமானம்கூடக் காணாமல் போகக் கூடாது. அதற்காகவே ஒன்றரை வருடம் தூக்கத்தைத் தொலைத்தவள். கைப்பையிலும் ரெண்டு குடை, ரெண்டு மூக்குக்கண்ணாடி, ரெண்டு செட் வீட்டுச் சாவி. 'டபுள் மேடம்' என்ற பெயர் சும்மா வரவில்லை.

இன்று ஆய்வாளர் சரி சொல்லிவிட்டால் விமான நிலையத்தில் ஓடப்போவது அவளுடைய மென்பொருள். இல்லாவிட்டால் வேலை மாடியில் இருக்கும் போட்டி டீமுக்குப் போய்விடும். மாடி டீமின் தலைவர் அவளுடைய நாத்தனார் புருஷன். அப்படி மட்டும் நடந்துவிட்டால் ஆயுளுக்கும் புகுந்த வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்காது.

காலையில் வாசல் காவலாளி, "ஆய்வுக்கு வந்தவரும் ஏசிக்கு வந்தவரும் ஒண்ணா மேல வர்றாங்க மேடம்," என்று போன் செய்ததுமே ஓடிப்போய்க் கதவைத் திறந்திருந்தாள். டையையும் தோல்பையையும் கண்டதும் வாயெல்லாம் பல்லாக, "வாங்க சார், வாங்க!" என்று உள்ளே அழைத்துப் போனாள். பின்னால் கசங்கிய சட்டையும் கையில் ஸ்க்ரூடிரைவருமாக நின்றவரிடம் அவ்வளவு நேரம் செலவழிக்கவில்லை.

"ஏசி அந்த மூலையில இருக்கு."

"எனக்கு ஏசியே ஒத்துக்காதும்மா," என்றார் கசங்கிய சட்டைக்காரர்.

"அப்ப வேற தொழிலுக்குப் போயிருக்கணும்!"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டார். அப்போது பிடித்தது சனி.

இப்போது மேஜைக்கு அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். புரோகிராமர் வெளிறிப்போய் அவள் காதோரம் வந்தான். "மேடம், முதல் மெஷின் போயிடுச்சு."

அவள் திரையைப் பார்த்தாள். பச்சைப் புள்ளிகள் ஒன்றுமே நடக்காதது போல ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது மெஷின் எடுத்துக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

"ஏம்மா," என்றார் டைக்காரர், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. "இவ்வளவு மெஷின் ஓடுதே, இந்த ரூம் ரொம்பச் சூடாகுமோ?"

எவ்வளவு ஆழமான கேள்வி! சூட்டில் கருவி பழுதானால் என்ன செய்வாய் என்பதை மனிதர் எவ்வளவு நாசூக்காகக் கேட்கிறார்! அவள் மூச்சு விடாமல் விளக்கினாள். டைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

விளக்கி முடிப்பதற்குள் நெட்வொர்க் வயர் ஒன்று மேஜைக்கு வெளியே பாம்பு போல வந்து விழுந்தது. நல்லவேளை, மாற்று வயர் கைகொடுத்தது. அவள் பேனாவைத் தவறவிட்டது போலக் கீழே குனிந்தாள்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எதையும் தொடாதீங்க."

"தொட்டா நின்னுடுமா?"

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நிக்காது! ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கும். அதுக்குத்தானே உசிரைக் குடுத்து எழுதியிருக்கோம்!"

"அப்புறம் எதுக்கும்மா பயப்படுறீங்க?"

அவள் யோசிப்பதற்குள் அவர் கை நீண்டு, சுவரில் இருந்த மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டது.

அறை இருண்டது. ஏசி பெருமூச்சு விட்டு நின்றது. "ஐயோ, கரண்ட் போயிடுச்சா?" என்று டைக்காரர் டீயோடு எழுந்துவிட்டார்.

"இதுவும் சோதனையில ஒரு பகுதிதான் சார்!" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

ஆனால் திரை அணையவில்லை. பேட்டரியின் தயவில், அந்த இருட்டிலும் விமானங்கள் பச்சைப் பசேலென்று தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

விளக்கு வந்தது. டைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு, ஏசி பக்கம் கையை நீட்டிப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குத் திருப்தி. எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

நாத்தனார் புருஷனின் முகம் சுருங்குவதை அவள் மனக்கண்ணில் ஆசை தீரப் பார்த்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி சார்! அப்ப அனுமதிக் கடிதம்..."

"அதெல்லாம் எதுக்கும்மா? ஏசியில கேஸ் மட்டும்தான் கொஞ்சம் குறையுது. நாளைக்கு நம்ம ஆளை அனுப்பி ரொப்பிடறேன்."

அவர் நீட்டிய விசிட்டிங் கார்டில் மப்ளர் கட்டிய பனிக்கரடி ஒன்று அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவள் அப்படியே மேஜைக்கு அடியில் மெல்லக் குனிந்தாள்.

"உங்க சாஃப்ட்வேர் பாஸும்மா," என்றார் கசங்கிய சட்டைக்காரர். "கொஞ்சம் கை குடுங்க, முட்டி பிடிச்சிக்கிச்சு."