இன்னும் போடாத பந்து

ஒரு பந்தைக்கூட விட்டுவிடக் கூடாதென்று தணிகாசலம் டிவி, போன், லேப்டாப் மூன்றையும் எதிரே வைத்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து ஓரிடத்தில் நிற்கவில்லை.

அவரைவிடத் தவித்தது லேப்டாப்தான். நெட்டில் வருவதால் அதற்கு எல்லாமே அரை நிமிடம் லேட். போதாக்குறைக்கு நடுநடுவே படம் நின்று வெள்ளை வட்டம் சுற்றும். அதற்குத் திட்டு வேறு.

"சிக்ஸே அடிச்சாச்சு, நீ இன்னும் பௌலரை ஓட விட்டுக்கிட்டிருக்கே!" என்று ஸ்கோர் சொல்லும் போன் கிண்டலடித்தது.

"ஓடித்தான்ணே வர்றேன்," என்று லேப்டாப் மூச்சிரைத்தது. அதன் உள்விசிறி விர்ரென்று சுற்றியது.

கடைசிப் பந்து. தணிகாசலத்தின் டீமுக்கு நாலு ரன் வேண்டும். டிவியில் ஸ்டம்ப் பறந்தது. போனும் தோல்வி என்று துடித்து அடங்கியது. அவர் டிவியை அணைத்தார், போனை சோபாவில் வீசினார்.

அப்போதுதான் லேப்டாப் கண்ணில் பட்டது. அதில் பௌலர் பந்தைத் தேய்த்தபடி இன்னும் நடந்துகொண்டிருந்தான். மூன்று ஸ்டம்பும் நின்றிருந்தன.

தணிகாசலம் மெல்ல வந்து அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "இதுலயாவது அடிச்சிடுடா..."

யாரும் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. லேப்டாப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பௌலர் ஓடிவரத் தொடங்கியதும் படத்தை அப்படியே நிறுத்தி, வெள்ளை வட்டத்தைச் சுற்றவிட்டது.

இவ்வளவு நேரம் அந்த வட்டத்தைத் திட்டித் தீர்த்தவர், அதைப் பார்த்துக் கைகூப்பினார்.