இஞ்சிக் கோப்பி

யுத்தத்தால் அரிசியைக் கூப்பனுக்கு அளந்து கொடுக்கத் தொடங்கியபிறகு, கொழும்புக் கொச்சிக்கடையில் றெஜினாவின் பிள்ளைகளுக்கு வயிறு நனைந்தது பின்வளவில் அவள் நட்ட மரவள்ளியால்தான். அதுவும் எல்லாருக்கும் காணாது.

"கிழங்கு அவிச்சிருக்கிறன், இருங்கோ."

"எனக்கு வேண்டாம். ஹார்பர்க் கடையிலை இஞ்சிக் கோப்பி குடிச்சிட்டன்," என்றான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த அவள் புருசன் கிளெமென்ற்.

"இண்டைக்குமோ? இஞ்சியும் மரவள்ளியும் சேர்ந்தால் நஞ்செண்டு தெரியாதோ? நான் அவிக்கிற நாளாப் பார்த்துத்தான் உங்கடை நாக்கு இஞ்சி கேக்கும்!"

"கேக்குதே, என்ன செய்ய?"

திட்டிக்கொண்டே அவன் பங்கைப் பிள்ளைகளின் கோப்பையில் போட்டாள். "நாளைக்குப் பெரிய மரவள்ளி மரத்தைப் பிடுங்கப்போறன். நாளைக்காவது வெறும் வயித்தோடை வாங்கோ."

"ஓம், ஓம்," என்று சிரித்தான்.

மறுநாள் மத்தியானம் அவனைக் கைவண்டியில் கொண்டுவந்தார்கள். மூட்டையோடு சரிந்தவன் எழும்பவேயில்லை.

"பாழாய்ப்போன கோப்பிக் கடை!" என்று நெஞ்சில் அடித்தாள் றெஜினா. "அதிலைதானே மனுசன் பழிகிடந்தார்!"

அவனோடு மூட்டை தூக்குகிற, வண்டி தள்ளிவந்த ஹாஷிம் அவளைப் பார்த்தான்.

"எந்தக் கடை தங்கச்சி? போன மாசம் ஜப்பான்காரன்ட குண்டு விழுந்த அண்டைக்கே அது இடிஞ்சு போச்சே. உங்கட புருசன் பகலெல்லாம் பைப்புத் தண்ணியத்தான் குடிச்சார்."

பின்வளவில் அந்தப் பெரிய மரம் பிடுங்காமல் நின்றது.