சகோதர நகரத்துக் கூலிகள்

பாதையின் இடப்பக்கம் கிடந்த கற்களை வலப்பக்கம் சுமந்து போட்டு முடித்ததும், பன்னிரண்டு வெள்ளைக்காரர்களும் கைதட்டிக்கொண்டார்கள். மறுநாள் காலை ஃபிதெலினா வந்து, என்ஜினியர் திட்டத்தை மாற்றிவிட்டார், பள்ளிக்கூட மதில் இடப்பக்கம்தான் வரும் என்றாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. குனிந்து கல்லைத் தூக்கினார்கள்.

எல் சால்வதோர் நாட்டு மலையடிவாரத்து ஊரான எல் ஹிகாரோவுக்கு அமெரிக்கப் பனி ஊர் ஒன்று சகோதர நகரம். தோழமைப் பயணம் என்று வருடம் தவறாமல் ஒரு கூட்டம் வந்து இறங்கும். ஓய்வுபெற்ற வாத்தியார், பல் டாக்டர், தபால்காரி என்று அறுபதைத் தாண்டிய உருப்படிகள். ஒரு வேளை பீன்ஸ் தின்றால் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார்கள்.

ஊர்த் தலைவி ஃபிதெலினாவுக்கு அவர்களைக் கண்டாலே இளப்பம். "ஒரு வாரமா கல்லு தூக்குறாங்க. மதில் எப்படா எழும்பும்னு ஒருத்தராவது கேட்டாங்களா பாரு. பனியில கெடந்து மூளை வெறைச்சுப் போச்சு" என்று தண்ணீர்க் கமிட்டி ஒவிதியோவிடம் சொல்லிச் சிரித்தாள்.

மதிலும் கிடையாது, என்ஜினியரும் கிடையாது. அந்தப் பாதை மேலே சுனைக்குப் போகிறது. ஊருக்கே அது ஒன்றுதான் தண்ணீர். கரும்பாலை முதலாளி அதை வளைத்துப்போடப் பார்த்தான், ஊர் வழக்குப் போட்டது. தீர்ப்பு வருவதற்குள் சுனையைத் தோண்டிக் குழாய் பதித்துவிட வேண்டும் என்று இரண்டு புல்டோசர்களைக் கீழ்த் திருப்பத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

ஊர்க்காரன் மறித்தால் வண்டியை மேலேயே ஏற்றுவார்கள். அமெரிக்கக்காரி மேல் ஏற்ற எவனுக்கும் துணிச்சல் வராது. உள்நாட்டுச் சண்டையின்போது ஊரில் ஒரு வெள்ளை முகம் நடமாடினால் ராணுவம் துப்பாக்கியைத் தாழ்த்தும். செத்துப்போன தாயிடம் ஃபிதெலினா கற்ற பாடம் அது.

விஷயத்தைச் சொல்லிவிடலாமே என்று ஒவிதியோ இழுத்தான்.

"சொன்னா சாயங்காலமே மூட்டை கட்டிருவாங்க" என்றாள் அவள். "போட்டோ எடுக்க வந்த கூட்டம்டா இது. உசிரக் குடுக்க வந்ததில்ல."

வியாழக்கிழமை வர வேண்டிய தீர்ப்பு திங்களுக்குத் தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை காலை விருந்தாளிகளை ஏற்றிப்போக பஸ் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் கீழே புல்டோசர்கள் உறுமத் தொடங்கின.

ஃபிதெலினா பஸ்ஸை நோக்கி ஓடினாள். இன்னும் மூன்று நாள் இருங்கள் என்று அவர்களிடம் கெஞ்ச வேண்டும். எதற்கென்று கேட்டால், உங்களை முட்டாளாக்கி வண்டிக்கு முன்னால் நிறுத்தியிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அந்தத் தபால்காரி மார்லிஸ் பஸ் டிரைவரிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். பஸ் காலியாகவே திரும்பிப் போனது. பன்னிரண்டு பேரும் பைகளைப் போட்டுவிட்டுப் பாதையின் நடுவுக்கு வந்தார்கள்.

இன்றைக்குக் கல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மார்லிஸ் கேட்டாள்.

மதில் இடப்பக்கமா வலப்பக்கமா என்று என்ஜினியர் இன்னும் சொல்லவில்லை என ஃபிதெலினா தடுமாறினாள். மார்லிஸ் ஒரு கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அந்த மதிலை விடு. சண்டைக் காலத்துல உங்கம்மா ஒரே குழியை என்னை ஏழு தடவை வெட்டி மூட வெச்சா."